ஒன்பது சர்வர்களுக்கு ஒரு சட்டாம்பிள்ளை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

ஆனி பிறந்து மலையில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்தில் தங்க ஓர் அறை கிடைப்பது அரிது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு நோக்கினும் கூட்டம். முன்பெல்லாம் வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் விடுதி விடுதியாக ஏறி இறங்கி அறை தேடுவார்களாம். இன்றோ வீட்டில் இருந்தபடியே செல்போனில் பதிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பதிவுகள் எங்கே போய்ச் சேருகின்றன, யார் அவற்றைக் காத்து வைக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? என் அக்கா ஓர் இரவு சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்ததைக் காணும் வரை நானும் எண்ணியதில்லை.

அக்கா தென்காசியில் ஒரு சிறு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். விடுதிகளுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்து தரும் கம்பெனி அது. முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஆறே பேர். அவர்களுக்கு ஒன்பது சர்வர்கள் உண்டு. சர்வர் என்றவுடன் ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுபவரை நினைத்துவிட வேண்டாம், தோழியரே! ஆனால் வேலை ஏறத்தாழ அதுதான். கேட்பவர்களுக்கெல்லாம் கேட்ட தகவலை இரவு பகல் பாராமல் எடுத்துத் தரும் கம்ப்யூட்டர் அது. இவர்களுடைய ஒன்பதும் மும்பையில் வாடகைக்கு எடுத்தவை. அக்கா வீட்டு மேசையில் இருந்தபடியே அவற்றைக் கவனித்துக்கொள்வாள்.

போன சீசனில் அவற்றுள் ஒன்று பழுதாயிற்று. அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை அக்காவே அமைத்தாள். ஒரு சர்வரை அமைப்பது என்றால் என்னென்ன மென்பொருள் வேண்டும், யார் யார் உள்ளே வரலாம், எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று ஐம்பது, அறுபது காரியங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நினைவில் இருந்தே செய்து முடித்தவள் ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். புதிய சர்வரின் கடிகாரம் நம் இந்திய நேரத்தில் இல்லாமல் கிரீன்விச் நேரத்தில் ஓடியது. அதாவது ஐந்தரை மணி பின்தங்கி!

விளைவைக் கேளுங்கள். சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு ஒருவர் "இன்றைக்கு ஓர் அறை" என்று பதிவு செய்கிறார். அந்தச் சர்வருக்கோ அப்போது வெள்ளிக்கிழமை மாலை ஏழரை. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு என்று எழுதி வைத்துக்கொண்டது. காலையில் ஏட்டைப் பார்த்த விடுதிக்காரர், ஆள் வரவில்லை என்று எண்ணி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். பணமும் கட்டிவிட்டுக் கைக்குழந்தையோடு வந்த குடும்பம் சாரலில் நனைந்தபடி வாசலில் நின்றது. ஒன்பதில் ஒன்று மட்டுமே தவறு செய்ததால் பதிவுகளில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. அதனால் குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் இரண்டு விடுதிகள் கணக்கை முடித்துக்கொண்டன.

இது அக்காவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்னும் பெரிய பங்கு வணிக நிறுவனம் தன் எட்டுச் சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய மென்பொருளை ஏற்றி, ஒன்றை விட்டுவிட்டது. விடுபட்ட ஒன்று பழைய நிரலை இயக்கி, தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. முக்கால் மணி நேரத்தில் நஷ்டம் 44 கோடி டாலருக்கு மேல்! இதை அக்காவிடம் சொன்னபோதுதான் அவள் முதல் கவளம் சாப்பிட்டாள்.

இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றன. 1993-இல் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் மார்க் பர்கெஸ் என்பவர் சி.எஃப்.எஞ்சின் என்ற கருவியை உருவாக்கினார். பிறகு 2005-இல் பப்பெட், 2009-இல் செஃப், 2011-இல் சால்ட், 2012-இல் அன்சிபிள் என்று வரிசையாக வந்தன. பொம்மை, சமையற்காரர், உப்பு என்று ஏன் இப்படிப் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. அன்சிபிள் என்பது மட்டும் அர்சுலா லெ குவின் தம் அறிவியல் கதைகளில் ஆண்ட சொல். எவ்வளவு தொலைவு என்றாலும் நொடியில் செய்தி அனுப்பும் கருவிக்கு அவர் இட்ட பெயர் அது.

இக்கருவிகளின் அடிப்படையை உப்பைக் கொண்டே விளக்கிவிடலாம். சாம்பாருக்கு உப்புப் போடு என்று சொன்னால், அம்மா ஒரு முறை, பாட்டி ஒரு முறை, நான் ஒரு முறை போட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்திருக்கிறது. சாம்பாரில் உப்பு சரியாக இருக்க வேண்டும் என்று சொன்னால் ருசி பார்த்து, குறைந்திருந்தால்தானே போடுவோம்? அக்கா முன்பு எழுதி வைத்திருந்த கட்டளைத் தொகுப்பு முதல் வகை. இரண்டு முறை ஓட்டினால் ஒரே வரியை இரண்டு முறை எழுதிவிடும். இந்தக் கருவிகள் இரண்டாம் வகை. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதி வைத்தால், அவை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருப்பதை மட்டும் திருத்தும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நம் பள்ளியில் சுற்றறிக்கை வந்தால் ஆயாம்மா நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க் கையெழுத்து வாங்குவார் அல்லவா? அதுதான் அன்சிபிள் முறை. வகுப்பில் தனியாக யாரையும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான வழியும், சர்வரில் பைத்தான் மொழியும் இருந்தால் போதும். பப்பெட் முறை வேறு. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தலைவி இருந்து, அரை மணிக்கு ஒரு முறை அறிவிப்புப் பலகைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவந்து, மாறியிருப்பதைத் தானே சரி செய்வாள். செஃப்பும் ஏறத்தாழ இவ்வாறே. ஆனால் அதில் எழுத ரூபி மொழி தெரிந்திருக்க வேண்டும். சால்ட் பெரும்பாலும் தலைவிகளை வைத்தே வேலை வாங்கும். செய்தி பரவும் வேகம் மிக அதிகம்.

ஆயிரக்கணக்கில் சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தலைவி முறை ஏற்றது. ஒன்பதுக்கு? அந்தத் தலைவிகளையும் அறிவிப்புப் பலகையையும் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும். கம்பெனியில் சர்வர் வேலை தெரிந்தவர்கள் இருவர்தாம். ஆகவே அக்கா அன்சிபிளைத் தேர்ந்தெடுத்தாள். அதில் எழுதியதைப் படித்தால் எனக்கே ஓரளவு புரிகிறது. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதுதான் என் கண்ணுக்கு முதன்மையான காரணமாகத் தெரிகிறது.

முதலாளி வேறொன்று கேட்டார். "நம்ம மத்தளம்பாறையிலேயே சோகோ இருக்கே, அவங்க கருவி எதுவும் ஆகாதா?" நல்ல கேள்விதான். 2011 முதல் தென்காசி வட்டாரத்தில் இயங்கிவரும் அந்நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவில் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் என்ற கருவி உண்டு. ஆனால் அது முதன்மையாக அலுவலக மேசைக் கம்ப்யூட்டர்களையும் மடிக்கணினிகளையும் பராமரிப்பதற்கு. லினக்ஸ் சர்வர் ஒன்றை வெறுமையிலிருந்து எழுப்பும் முறையை வரி வரியாக எழுதி வைப்பதே அக்காவின் தேவை.

விலை பற்றிப் பெற்றோர் கேட்கலாம். அன்சிபிளின் அடிப்படைப் பதிப்பு இலவசம். 2015-இல் ரெட் ஹேட் அதை வாங்கியது. 2019-இல் ரெட் ஹேட்டையே ஐ.பி.எம். வாங்கிவிட்டது. இலவசம் என்பது என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பப்பெட்டை 2022-இல் வாங்கிய நிறுவனம் பின்னர் இலவச வெளியீடுகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர, பயன்படுத்துவோர் சிலர் பிரிந்து ஓப்பன்வாக்ஸ் என்று தனியாக நடத்துகிறார்கள்.

அன்சிபிளுக்கும் குறை உண்டு. ஆயாம்மா வந்து போன பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. யாராவது இடையில் கையால் மாற்றினால் அடுத்த சுற்று வரை தெரியவராது. ஆகவே ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு, எதையும் மாற்றாமல் வேறுபாட்டை மட்டும் சொல்லும்படி அதை ஓடவிட்டிருக்கிறாள். இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது. எழுதி வைத்ததே பிழையாக இருந்தால், ஒன்றில் நேர்ந்திருக்க வேண்டிய தவறு ஒன்பதிலும் நொடியில் நேர்ந்துவிடும். அதனால் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரே சர்வரில் செய்து, ஒரு நாள் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்புகிறார்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறு கிட் என்னும் ஏட்டில் பதிவாகிறது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்க வால்ட் என்ற வசதியும் உண்டு.

இந்த ஆடியில் மறுபடியும் ஒரு சர்வர் நின்றுபோயிற்று, அதுவும் சனிக்கிழமை இரவு. அக்கா கட்டளையைத் தட்டிவிட்டு, "ஏட்டி, தோசை வார்த்து வையி" என்றாள். முன்பு ஒன்றரை நாள் பிடித்த வேலை இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்திருந்தது. ஆனாலும் அவள் நம்பவில்லை. உள்ளே நுழைந்து கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தாள். பழைய சர்வர்கள் இரண்டு மட்டும் இன்னும் அன்சிபிளின் பட்டியலில் சேரவில்லை. அவற்றில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் முழுதாக நினைவில்லையாம். சீசன் முடிந்த பிறகு அவற்றையும் எழுதிச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.