உரிமையைத் துறந்த அம்மையார்

பெண்கள் குருவாகலாமா? ஆங்கிலிக்கன் சபையில் இவ்வினா போர்க்கால நெருக்கடியில் கூர்மையடைந்தது. ஜப்பானியப் படையெடுப்பால், அகதிகள் நிறைந்த மக்காவுக்குக் குருக்கள் செல்ல இயலவில்லை; மக்கள் திருவிருந்தின்றித் தவித்தனர். அங்குத் திருத்தொண்டராய் உழைத்த புளோரன்ஸ் லீ டிம்-ஓய் என்னும் சீனப் பெண்மணிக்கு, 1944 சனவரி 25 அன்று ஹாங்காங் ஆயர் ரொனால்டு ஹால் குருப்பட்டம் அளித்தார். கண்டனங்கள் எழுந்தன. ஆயருக்கு இடர் நேராதிருக்க, 1946-இல் அம்மையார் குருவாகச் செயற்படும் உரிமையைத் தாமே துறந்தார்; இறைமக்கள் பணியையோ துறக்கவில்லை. ஹாங்காங் சபை 1971-இல் அவரது குருத்துவத்தை மீண்டும் ஏற்றது.

பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்பதே நம் திருச்சபையின் போதனை. 1994-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதனை உறுதிப்படுத்தினார். கோட்பாட்டில் வேறுபடினும், அவ்வம்மையாரின் தன்னலமறுப்பு பங்குகளில் பதவிக்குப் பூசலிடும் நமக்கும் பாடமன்றோ!