மேளத்துக்குக் காத்திருக்கும் ஊர்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கோயிற்கொடி ஏறுமுன்னரே ஊரில் ஒரு கேள்வி எழும்: இம்முறை எவருடைய மேளம்? ஒவ்வொரு நாள் திருவிழாவையும் பொறுப்பேற்கும் உபயகாரர், தத்தம் நாளுக்குச் சிறந்த நாதஸ்வர, தவில் வித்துவான்களை அழைப்பதிலே போட்டியிடுவது முன்னாளில் வழக்கமாயிருந்தது. தமிழகத்து வித்துவான்களும் கடல் கடந்து வந்தனர்.

இக்காத்திருப்புக்குக் காரணம் யாது? மேடைக் கச்சேரிக்கு நேர எல்லை உண்டு. இரவுத் திருவிழாவிலோ சுவாமி வீதியில் ஆறுதலாக எழுந்தருள்வார். மேளமும் இடையிடையே நின்று வாசிக்கும். ஆகவே இராகம் விரியவும், வலக்கை விரற்கூடுகளும் இடக்கைக் குச்சியும் தவிலிலே சொற்கட்டுகளை அடுக்கவும் அவகாசம் கிடைக்கும். கூட்டம் விடியும்வரை அசையாதிருந்தால் வித்துவானும் மேலும் முயல்வார்.

இத்தகைய இரசிகரிடையே இணுவிலும் அளவெட்டியும் கலைஞர் வாழும் ஊர்களாகப் பெயர் பெற்றன. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933-1975) தமிழகத்து முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்கும் வாசித்துப் புகழ்பெற்றார். அளவெட்டி என். கே. பத்மநாதன் நாதஸ்வரத்தால் ஈழத்துக்குப் பெருமை சேர்த்தார்.

1983க்குப் பின் நேர்ந்த போரும் இடப்பெயர்வும் பல கோயில்களின் இரவுத் திருவிழாக்களைத் தடுத்தன. அடியார் உலகெங்கும் சிதறினர். ஆயினும் காத்திருப்பு அறுந்துவிடவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரிலே 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேருக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். ஐரோப்பியக் கோடைகாலத் திருவிழாக்களுக்கு யாழ்ப்பாணத்து மேளங்களும் பயணமாகின்றன.

இசைத்தட்டும் ஒலிப்பதிவும் வாசிப்பைச் சேமித்துத் தரலாம். வித்துவானை மேலும் ஒரு சுற்று வாசிக்கத் தூண்டுவதோ, எதிரே விழித்திருக்கும் செவிகளே. அச்செவிகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், மேளம் வெறும் சடங்கின் ஒலியாகச் சுருங்கிவிடும்.