உதவும் கரமும் அரசின் கண்ணும்

பிறர் துணையின்றிப் படுக்கையை விட்டு எழ இயலாத ஒருவருக்குக் காலைப்பொழுது எவ்வாறு தொடங்குகிறது என்பதை நாம் அரிதாகவே எண்ணிப் பார்க்கிறோம். தூக்கி உட்கார வைத்தல், கழிப்பறைக்குக் கொண்டு செல்லுதல், குளிப்பாட்டுதல், உடுத்துவித்தல், உணவூட்டுதல், இரவில் புரட்டிப் படுக்க வைத்தல் ஆகிய பணிகளை ஒருவர் வந்து செய்தாக வேண்டும். இவற்றையே தனிப் பராமரிப்பு உதவி என்கிறோம். இது மருத்துவமன்று, எனினும் இஃதில்லையேல் அவருக்கு வாழ்வில்லை. இவ்வுதவி அடைத்த அறைக்குள், இருவருக்கிடையே நடைபெறுவது. இருவரில் ஒருவர் எழுந்து செல்லவும் எதிர்த்து நிற்கவும் இயலாதவர். மற்றவருக்கு ஊதியம் அளிப்பது பல நாடுகளில் அரசு. ஆகவே இரு வினாக்கள் எழுகின்றன. அடைத்த கதவுக்குப் பின் நடப்பதை அரசு எவ்வாறு அறியும்? அறிவதற்காக ஒருவருடைய குளியலறை வரை அது நுழையலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இவ்வினாக்களோடு நெடுங்காலம் போராடி வந்துள்ளமையால், அந்நாட்டின் அனுபவத்தை முதன்மையாகக் கொண்டு இப்பொருளை ஆராய்வோம்.

1. காப்பகத்திலிருந்து வீட்டிற்கு

முற்காலத்தில் அந்நாட்டில் கடும் ஊனமுற்றோர் பெரும் காப்பகங்களில் அடைக்கப்பட்டனர். நியூயார்க்கின் வில்லோபுரூக் என்னும் அரசு நிறுவனத்தில் பிள்ளைகள் நெரிசலிலும் அழுக்கிலும் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1972ஆம் ஆண்டு தொலைக்காட்சி வெளிப்படுத்தியது. 1975இல் நீதிமன்றத்தின் வழியாகச் சீர்திருத்த உடன்பாடு ஏற்பட்டது. 1987இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அது தனியார் ஒளித்து நடத்திய இடமன்று. அரசே நடத்திய இடம். மேற்பார்வை செய்ய வேண்டியவரே தவறிழைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அதே 1972இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் சுயேச்சை வாழ்வு மையம் ஒன்று தோன்றியது. இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எட் ராபர்ட்ஸ் அவ்வியக்கத்தின் முன்னோடி. சுயேச்சை என்பது எல்லாவற்றையும் தானே செய்துகொள்வதன்று, தனக்கு யார், எப்போது, எவ்வாறு உதவ வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வது என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படைக் கருத்து.

1965இல் ஏழைகளுக்காக ஏற்படுத்தப்பட்ட மெடிக்கெய்டு என்னும் மருத்துவ உதவித் திட்டம், 1981ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வீட்டில் வாழ்வோரின் பராமரிப்புக்கும் மிகுதியாகப் பயன்படலாயிற்று. 1990இல் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் இயற்றப்பட்டது. தக்க காரணமின்றி ஒருவரைக் காப்பகத்தில் ஒதுக்கி வைப்பது அச்சட்டத்திற்கு மாறான பாகுபாடே என 1999இல் ஓம்ஸ்டெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை யாவும் விடுதலையின் படிகள். ஆனால் மேற்பார்வையின் கடினம் இங்கேதான் பெருகிற்று. ஒரு காப்பகத்திற்கு ஓர் ஆய்வாளர் போதும். எண்ணற்ற வீடுகளில் நுழைந்து பார்ப்பவர் யார்?

2. அரசு கையாளும் வழிகள்

கலிபோர்னியாவின் வீட்டு உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டச் சமூகப் பணியாளர் வீட்டிற்கு வந்து, எப்பணிக்கு எவ்வளவு நேரம் தேவை எனக் கணக்கிடுகிறார். மாதத்திற்கு மிகுதியாக 283 மணி நேரம் வரை உதவி வழங்கப்படலாம். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் நடத்துவதும் விலக்குவதும் உதவி பெறுபவரின் உரிமை; ஊதியம் வழங்குவது அரசின் பொறுப்பு. உதவியாளராகச் சேர்பவர் கைரேகை அளித்து, குற்றப் பின்னணி உண்டா என்னும் சோதனைக்கு உட்பட வேண்டும். குடும்பத்தாரே உதவியாளராகவும் இருக்கலாம்.

இத்தகைய திட்டங்களில் அரசு இருவகைத் தீங்குகளைக் குறித்து அஞ்சுகிறது. ஒன்று, செய்யாத வேலைக்குக் கூலி பெறும் மோசடி. மற்றொன்று, அடித்தல், பழித்தல், பட்டினியிடுதல், அழுக்கில் விட்டுச் செல்லுதல் போன்ற கொடுமை. மெடிக்கெய்டு மோசடிகளை ஆராய மாநிலங்களில் தனிப் பிரிவுகள் ஏற்பட 1977ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கூட்டாட்சி நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2012இல், தனிப் பராமரிப்பில் உள்ள குறைகளைத் தொகுத்துக் காட்டி, உதவியாளரின் தகுதிக்கு நாடு முழுவதும் பொருந்தும் அளவுகோல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

2016 டிசம்பரில் நிறைவேறிய மற்றொரு சட்டம் மின்னணு வருகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. தனிப் பராமரிப்பில் அது 2020 முதல் நடைமுறைக்கு வர வேண்டுமென வகுக்கப்பட்டது. பல மாநிலங்கள் மேலும் ஓராண்டு அவகாசம் பெற்றன. என்ன உதவி, யாருக்கு, எந்நாளில், எவ்விடத்தில், யாரால், எந்நேரம் முதல் எந்நேரம் வரை என்னும் ஆறு செய்திகள் ஒவ்வொரு வருகையின்போதும் பதிவாக வேண்டும். கட்டுப்படாத மாநிலத்திற்கு மத்திய நிதி குறைக்கப்படும். வராத உதவியாளர் வந்ததாகக் கணக்கெழுதுவதை இம்முறை தடுக்கக்கூடும்.

எனினும் மாற்றுத்திறனாளிகள் பலர் இதனை எதிர்த்தனர். கைப்பேசி வழியாக உதவியாளரின் இருப்பிடத்தைத் தொடர்ந்தால், அவரோடு கடைக்கும் ஆலயத்திற்கும் செல்லும் மாற்றுத்திறனாளியின் நடமாட்டமும் அரசின் ஏட்டில் ஏறுகிறது அன்றோ? குற்றம் செய்யாதவரே காவலில் உள்ளவர்போல் ஆகிவிடுகிறார்.

இங்கிலாந்து சற்று வேறு வழியைக் கொண்டுள்ளது. தனிப் பராமரிப்பு அளிக்கும் நிறுவனங்கள் பராமரிப்புத் தர ஆணையத்திடம் பதிவு செய்து ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஆனால் ஒருவர் தமக்கெனத் தாமே அமர்த்திக்கொண்ட உதவியாளருக்கு அப்பதிவு வேண்டுவதில்லை. தெரிந்தெடுக்கும் உரிமையை மதித்து அரசு ஓரடி விலகி நிற்கிறது. அதனால் பாதுகாப்பும் ஓரடி குறைகிறது.

3. கேட்கப்படாத வினா

மேற்கூறிய ஆறு செய்திகளை மீண்டும் நோக்குவோம். உதவியாளர் வந்தாரா என அவை கேட்கின்றன. வந்து எவ்வாறு நடந்துகொண்டார் எனக் கேட்கவில்லை. பொதுப்பணத்தைக் காப்பது கடமையே. களவு போகும் ஒவ்வொரு காசும் வேறொரு நோயாளியின் பங்கு. ஆயினும் பணத்தைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றல்ல.

உதவி பெறுபவர் ஏன் முறையிடுவதில்லை? இன்று அவர் குறை கூறினால் நாளை காலை அவரைத் தூக்க எவரும் வராமற் போகலாம். கொடுமையைவிடக் கைவிடப்படுதல் அவருக்குப் பேரச்சமாகிறது. ஆதலால் மாற்று உதவியாளரை உடனே அனுப்ப வகைசெய்யாத அரசு, முறையிடும் உரிமையை ஏட்டில் மட்டுமே வழங்குகிறது. உதவியாளரின் நிலையும் கருதத்தக்கது. குறைந்த கூலிக்கு, ஓய்வின்றி, பயிற்சியின்றி உழைப்பவரிடம் நெடுநாள் பொறுமையை எதிர்பார்ப்பதும் நீதியன்று.

4. மேவிபோசேத்தும் சீபாவும்

இப்பொருள் திருமறைக்குப் புதிதன்று. யோனத்தானின் மகன் மேவிபோசேத் ஐந்து வயதில் ஊனமுற்றான். அவனை எடுத்துக்கொண்டு ஓடிய தாதியின் அவசரத்தில் அவன் விழுந்தான். அது அன்பின் ஓட்டம்; எனினும் தீங்கு நேர்ந்தது. பராமரிப்பில் நேரும் ஒவ்வொரு தீங்கும் குற்றமாகாது என்பதை மேற்பார்வை செய்வோர் இதனின்று கற்றல் வேண்டும்.

பின்னர் தாவீது அவனுக்கு நிலத்தை மீட்டளித்து, தன் பந்தியில் இடமளித்து, சீபா என்னும் ஊழியனைப் பொறுப்பாக்கினான். ஏற்பாடு நன்றே. ஆனால் அப்சலோமின் கலகத்தில் அரசன் தப்பி ஓடும்போது, சீபா உணவும் கழுதைகளும் கொண்டுவந்து, தன் எஜமான் துரோகம் செய்ததாகக் கூறினான். எதிர்த்தரப்பைக் கேளாமலே அரசன் சொத்து முழுவதையும் சீபாவுக்கு வழங்கினான். பின்பு மேவிபோசேத், பேணப்படாத கால்களோடும் வெளுக்காத ஆடையோடும் வந்து, கழுதை கேட்டும் தான் வஞ்சிக்கப்பட்டதாக முறையிட்டான். அரசனோ ஆராயாமல், நிலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ளுமாறு கூறி முடித்தான். இருவரில் எவர் உண்மை கூறினார் என்பதில் விளக்கவுரையாளர் வேறுபடுவர். ஆனால் அரசன் முதலில் ஊழியனை மட்டுமே கேட்டான், பிறகு எவரையும் முழுமையாகக் கேட்கவில்லை என்பதில் ஐயமில்லை. அரசனின் பந்தியில் நாள்தோறும் அமர்ந்திருந்தவனுக்கே இந்நிலை.

5. நமது பொறுப்பு

நமது நாடு 2007இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 19ஆம் உறுப்பு தனி உதவியை உரிமையோடு இணைத்துப் பேசுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகு உதவி தேவைப்படுவோர் விண்ணப்பிக்க வழிசெய்து, பராமரிப்பாளர் உதவித்தொகை பற்றியும் கூறுகிறது. கொடுமை குறித்து நிர்வாக நடுவரிடம் முறையிடவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஆயின் நம்மிடையே இப்பணியைப் பெரும்பாலும் தாயும் மனைவியும் மகளும் ஊதியமின்றிச் செய்கின்றனர். அவ்வீடுகளுக்குள் அடிக்கடி செல்பவர் அரசு அலுவலர் அல்லர், சபை ஆயரே.

ஈண்டு என் குறையொன்றை அறிக்கையிடுதல் நலம். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த சபையார் ஒருவரைப் பல ஆண்டுகள் சந்தித்து வந்தேன். ஒவ்வொரு முறையும், "ஐயா எப்படி இருக்கிறார்?" என்று அவரைப் பார்த்துக்கொண்டவரிடமே கேட்டேன், "நன்றாக இருக்கிறார்" என்னும் விடையோடு மன்றாடித் திரும்பினேன். ஒருநாள் உதவியாளர் கடைக்குச் சென்றிருந்தார். அன்றுதான் அவர், "ஐயர், என் முதுகைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். அங்கே படுக்கைப் புண் ஆழமாகப் பரவியிருந்தது. பார்த்துக்கொண்டவர் தீயவரல்லர், தனியொருவராய்த் தளர்ந்துபோனவர். மருத்துவரை அழைத்தோம்; சபையில் நால்வர் முறைவைத்து உதவச் சென்றனர். புண் ஆற ஏழு மாதங்கள் ஆயின. அத்தனை ஆண்டுகளும் நான் தாவீதின் தவற்றையே செய்திருந்தேன்.

ஆகவே மூன்று நெறிகளைக் கூறி முடிக்கலாம். முதலாவது, உதவி பெறுபவரைத் தனியே, நேரே கேட்டல் வேண்டும். இரண்டாவது, அவர் ஒருவரையே நம்பிக் கிடவாதபடி மாற்று உதவி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். மூன்றாவது, அவரைக் காக்கும் கண் அவரையே சிறைப்படுத்தும் கண்ணாக மாறலாகாது. இவை அரசுக்குரிய நெறிகள், சபைக்கும் உரியவை. அடுத்த முறை அவ்வாறான இல்லத்திற்குச் செல்லும் ஆயர், நாற்காலியைப் படுக்கையருகே இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரிடமே முதல் வினாவைக் கேட்பாராக.