மூளைக்குப் போகும் காசம்

காசநோய் என்றதும் இருமலும் சளியும்தான் நினைவுக்கு வரும். பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அதே நோய் தலைவலியாக, வாந்தியாக, ஒன்று இரண்டாகத் தெரியும் பார்வையாக வந்து சேர்கிறது.

நுரையீரலில் புகுந்த கிருமி ரத்தத்தோடு மூளைக்குப் போய், உறையிலோ மேற்பரப்பிலோ சின்னஞ்சிறு கட்டியாக ஒடுங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஒரு தொந்தரவும் இருக்காது. கட்டி உடைந்து, மூளையைச் சூழ்ந்த நீரில் கிருமி கலக்கும்போதுதான் வினை. இதை 1933-ல் பிணப் பரிசோதனைகளின் வழியே காட்டியவர்கள் அமெரிக்காவின் ரிச், மெக்கார்டக்.

ரணஜன்னிக் கிருமியைப் போல நரம்பைத் தாக்கும் நஞ்சை இது கக்குவதில்லை. சேதத்தில் பெரும்பங்கு நம் உடம்பின் கைவரிசை. எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களும் புரதமும் மூளையின் அடிப்பகுதியில் பிசினாகப் படிகின்றன. கண்ணை அசைக்கும் நரம்புகளும் முக்கிய ரத்தக்குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. நரம்பு நெரிபட்டால் மாறுகண்; குழாய் அடைத்தால் பக்கவாதம்; நீர் வடியும் வழி அடைபட்டால் மூளைக்குள் நீர்த்தேக்கம். அதனால்தான் காசநோய் மாத்திரைகளோடு, எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டையும் கொடுக்கிறார்கள். வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது: ஸ்டீராய்டால் சாவு குறைந்தது, ஆனால் பிழைத்தவர்களின் ஊனம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆக, சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வழி. அதுதான் கஷ்டம். முதல் இரண்டு வாரம் லேசான காய்ச்சல், பசியின்மை, குழந்தையிடம் ஒரு சிடுசிடுப்பு. மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு. பெங்களூருவில் 1959-ல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் வகுத்துத் தந்த திட்டம், சளியை நுண்ணோக்கியில் பார்ப்பதை நம்பியது. இந்த நோயாளிக்குச் சளியே இல்லாமல் போகலாம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தாக வேண்டும். இடுப்பு விளங்காமல் போய்விடுமோ என்று வீட்டார் தயங்குவார்கள். தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி இறங்குகிறது என்பதை யாராவது பொறுமையாகச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். நெரிசலான வார்டில் அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசத்தை பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் பிறந்த குழந்தையின் இடது தோளில் அந்த ஊசியை இன்றும் போடுகிறார்கள். சிறு குழந்தைகளுக்கு மூளைக் காசம் வராமல் காப்பதில் அது நன்றாகவே வேலை செய்கிறது.