கைக்கெட்டும் தொலைவு

நவம்பர் மாதக் கடைசியில், அமெரிக்கர்கள் நன்றி கூறும் திருநாளாகக் கொண்டாடும் வியாழக்கிழமை கழிந்து வருகிற சனிக்கிழமையன்று, பென்ஸில்வேனியா மாகாணத்து மலைச்சாரல்களில் இருள் பிரியுமுன்பே ஆரஞ்சு நிற உடுப்பு அணிந்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் காட்டுக்குள் இறங்குவார்கள். ரைபிள் கொண்டு வெண்வால் மானை வேட்டையாடும் பருவத்தின் முதல் நாள் அது. 2019-ஆம் ஆண்டுக்கு முன் அது திங்கட்கிழமையில் தொடங்கிற்று. அந்தத் திங்கட்கிழமையில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவது அங்கே பல ஊர்களில் நெடுநாளைய சம்பிரதாயம். காட்டுக்குள் இறங்குகிறவர்களைச் சற்றே நின்று கவனித்தால், அவர்களுள் சிலர் இருவர் இருவராகச் செல்வதையும், அந்த இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு துப்பாக்கி இருப்பதையும், அதை எப்போதும் மூத்தவரே சுமந்து நடப்பதையும் காணலாம். இளையவருக்கு லைசென்ஸ் கிடையாது. ஆயினும் அவர் வேட்டையாடுவது சட்டத்துக்கு முற்றிலும் உட்பட்டதே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிவிட்ட நம் நாட்டு வாசகர்களுக்கு இது வியப்பாகத் தோன்றக்கூடும். ஆனால், வேட்டைக்கு வரம்பு கட்டும் எண்ணம் நமக்குப் புதியதன்று. நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காப்பதற்கென்று சென்னை அரசாங்கம் 1879-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது. நாம் பின்னர் வேட்டையை அறவே விலக்கும் வழியை மேற்கொண்டோம். அமெரிக்கர் வேட்டையை வைத்துக்கொண்டே காட்டைக் காக்கும் வழியை மேற்கொண்டனர். அவ்வழியின் நியாயத்தைப் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். அதன் ஒழுங்குமுறையை அறிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் பென்ஸில்வேனியாவில் மான் என்பது அபூர்வப் பிராணியாகிவிட்டது. 1895-இல் வேட்டைப் பிராணிகளுக்கென்று ஓர் ஆணையத்தை அம்மாகாணம் நிறுவியது. வெளி மாகாணங்களிலிருந்து மான்களைத் தருவித்து விட்டது. பெண்மானைச் சுடலாகாது என்று 1907-இல் தடை விதித்தது. 1913-இல் மாகாண வாசிகளும் ஒரு டாலர் செலுத்தி லைசென்ஸ் பெற்றே வேட்டையாட வேண்டுமென்று விதித்தது. 1937-இல் மத்திய காங்கிரஸ் இயற்றிய பிட்மன் ராபர்ட்ஸன் சட்டத்தின்படி, துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் வரி காட்டுயிர்களின் மீட்சிக்காக மாகாணங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது; லைசென்ஸ் கட்டணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிவிடும் மாகாணத்துக்கு அப்பங்கு கிடையாது. வேட்டையாடுகிறவன் தரும் பணத்திலேயே மானும் காடும் வாழவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் உட்கருத்து.

லைசென்ஸைத் தொடர்ந்து பயிற்சி வந்தது. வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தை முதன்முதலில் கட்டாயமாக்கியது நியூயார்க் மாகாணம், ஆண்டு 1949. பிற மாகாணங்களும் காலப்போக்கில் அவ்வழியே வந்தன. விபத்துகளைக் குறைத்த அந்தப் பாடம், புதியவர்களுக்கு ஒரு தடைச்சுவராகவும் அமைந்தது. ஒரு நாள் காட்டுக்குப் போய்ப் பார்க்கலாமே என்று எண்ணும் சிநேகிதன், அந்த ஒரு நாளுக்காக முதலில் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதவேண்டும். எழுதி முடிப்பதற்குள் பருவமும் முடிந்துவிடும், ஆவலும் அடங்கிவிடும். வேட்டைக்காரர் தொகையோ இறங்குமுகமாக இருந்தது. மத்திய அரசாங்கத்தின் கணக்கெடுப்பின்படி 2011-இல் 1 கோடியே 37 லட்சமாக இருந்தது, 2016-இல் 1 கோடியே 15 லட்சமாயிற்று. தொகை குறைந்தால் கட்டணம் குறையும்; கட்டணம் குறைந்தால் காட்டைக் காக்கும் நிதியும் குறையும். இக்கவலையினால்தான், 2004-இல் வேட்டைச் சங்கங்கள் சில கூடித் தொடங்கிய ஓர் இயக்கம், பயிற்சிக்கு முன்பே பெரியவர் ஒருவரின் துணையோடு வேட்டையாடிப் பார்க்க இடந்தரும் சட்டங்களை மாகாணந்தோறும் கோரலாயிற்று. பெரும்பாலான மாகாணங்கள் இன்று ஏதோ ஒரு வடிவில் அதற்கு இடந்தருகின்றன.

பென்ஸில்வேனியாவில் இத்திட்டம் 2006-இல், 12 வயது நிரம்பாத சிறுவர்களுக்காகத் தொடங்கி, பிற்காலத்தில் வயது வந்தவர்களுக்கும் விரிந்தது. அதன் விதிகளில் உள்ள நுட்பம் கவனித்தற்குரியது. வழிகாட்டுபவர் 21 வயது நிரம்பியவராகவும், முறையான லைசென்ஸ் உடையவராகவும் இருக்கவேண்டும். ஒரு பெரியவர் ஒரே சமயத்தில் ஒருவருக்கே வழிகாட்டலாம். சிறுவரோடு செல்கையில் இருவருக்கும் ஒரே ஆயுதம். நடக்கும்போது அது பெரியவரிடமே இருக்கவேண்டும். ஓரிடத்தில் அமர்ந்த பின்னரே சிறுவர் கைக்கு மாறலாம். மாறிய பின்னரும் அச்சிறுவர் பெரியவரின் கைக்கெட்டும் தொலைவை விட்டு அகலலாகாது. மேற்பார்வை, கவனிப்பு, பொறுப்பு என்று நாம் பேசும் சொற்களெல்லாம் அளவில்லாதவை. அவற்றுக்கு முழங்கையாலும் விரல்களாலும் ஓர் அளவு வகுத்திருப்பதே இந்தச் சட்டத்தின் விவேகம். குழல்வாய் தவறான திசைக்குத் திரும்பினால், சொல்லித் திருத்த நேரமிராது. கை நீட்டித் திருப்பத்தான் நேரமிருக்கும்.

லைசென்ஸ் இல்லாத சிநேகிதன் என்றால் சீட்டே இல்லாதவன் என்று பொருளன்று. அவனும் சிறு கட்டணம் செலுத்தித் தனக்குரிய அநுமதிச் சீட்டைப் பெற்றே ஆகவேண்டும். பருவம், எண்ணிக்கை, நில உடைமையாளரின் சம்மதம் ஆகிய பொது விதிகள் அவனையும் கட்டுப்படுத்தும். ரைபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு மூன்றிலும் சேர்த்து 250 சதுர அங்குல அளவுக்கு எத்திசையிலிருந்தும் தெரியும்படி ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும் என்ற விதியும் அவனுக்கு உண்டு. மானின் கண்ணுக்குச் சிவப்பையும் ஆரஞ்சையும் பச்சையிலிருந்து பிரித்தறியும் ஆற்றல் இல்லையாதலால், மனிதனைக் காக்கும் அந்த நிறம் வேட்டைக்கு இடையூறு செய்வதில்லை.

துப்பாக்கியைத் தொடாமல் கூடவே வந்தால் சீட்டு வேண்டாமே என்று சிலர் எண்ணுவதுண்டு. வெறுமனே உடனிருந்து பார்ப்பவருக்குப் பொதுவாக அது பொருந்தும். ஆனால் அம்மாகாணச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லின் பொருள் மிக அகலமானது. பிராணியைத் துரத்துவதும், தடம் பற்றிச் செல்வதும், குரல் கொடுத்து அழைப்பதும், பதுங்கிக் காத்திருப்பதும் அதனுள் அடங்கும். ஆகவே, மறுபக்கத்திலிருந்து புதரைத் தட்டி மானை நண்பர் பக்கம் விரட்டிக் கொடுப்பவன், வெறுங்கையோடு நின்றாலும் வேட்டைக்காரனே. அவனுக்கும் உரிய சீட்டு வேண்டும். அது இல்லாவிடில், உதவி செய்ததாக அவன் எண்ணிக்கொண்டிருக்கும் காரியம் சட்டத்தின் கண்ணில் குற்றமாகிவிடும்.

பயிற்சி பெறாதவருக்குத் துணையோடு இடந்தரும் காரியத்தை டெக்ஸஸ் மாகாணம் வேறு விதமாகச் செய்கிறது. அங்கே 1971-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பாடத்தை முடிக்கவேண்டும்; ஆயினும் 17 வயது நிரம்பியவர் 10 டாலர் கட்டி அப்பாடத்தை ஒரு தடவை ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்த காலத்தில், லைசென்ஸும் தகுதியும் உள்ள, 17 வயதுக்குக் குறையாத ஒருவர் துணையின்றி அவர் வேட்டையாடலாகாது. இச்சலுகை வாழ்நாளில் ஒரே முறைதான். நிரந்தரமாகப் பிறர் நிழலில் நிற்க அங்கு இடமில்லை.

இங்கிலாந்தில் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதாகிறது. அங்கே 2017-இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, சான்றிதழ் இல்லாதவர் தனியார் நிலத்தில் பிறருடைய ரைபிளையோ ஷாட்கன்னையோ இரவல் வாங்கிச் சுடலாம். ஆனால் இரவல் தருபவர் 18 வயது நிரம்பிய சான்றிதழ்தாரராகவும், அந்நிலத்தில் வேட்டைக்குப் பிறரை அழைக்கும் உரிமை உடையவராகவோ, அவ்வுரிமை உள்ளவரிடம் எழுத்து மூலம் அதிகாரம் பெற்றவராகவோ இருக்கவேண்டும். இரவல் வாங்கியவர் எப்போதும் இரவல் தந்தவரின், அல்லது சான்றிதழ் உள்ள வேறொரு பெரியவரின் முன்னிலையில் இருந்தே சுடவேண்டும். ஜெர்மனியோ இவ்வித இளக்கம் காட்டுவதில்லை. கடினமான பரீட்சையில் தேறாதவன் அங்கே விரட்டுக்காரனாக வரலாமேயன்றித் துப்பாக்கி ஏந்த முடியாது. தேறிய 16 வயதுப் பிள்ளைக்கும் 18 நிரம்பும்வரை பெரியவர் துணை வேண்டும்.

இவ்வளவு பேதங்களுக்கிடையிலும் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. பயிற்சி இல்லாதவனுக்குக் காட்டுக்குள் இடமுண்டு. பொறுப்பாளி இல்லாதவனுக்கு இடமில்லை. துப்பாக்கி எதுவாயினும் தோட்டா நிரம்பியதாகவே பாவித்தல், குழல்வாயை ஆபத்தில்லாத திசையில் வைத்தல், சுடும் கணம் வரை விசையில் விரல் படாதிருத்தல், இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்த பின்னரே சுடுதல் என்ற நான்கு விதிகளையும் வகுப்பறையில் ஒரு மணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால், குளிரில் மணிக்கணக்காகக் காத்திருந்த பின் மேட்டின் உச்சியில் ஒரு மான் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு வந்து நிற்கும்போது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது, ரைபிள் குண்டோ மைல் கணக்கில் போகும், ஆகவே வேண்டாம் என்று விரலை எடுக்கச் செய்வது வகுப்பறை ஞாபகமன்று. பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரின் மெல்லிய குரல். சுட்ட மான் விழாமல் ஓடினால், இருட்டிவிட்டதென்று வீடு திரும்பாமல் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து சென்று அதன் வேதனையை முடித்துவைக்கும் கடமையையும் அக்குரலே கற்பிக்கும்.

ஆகையால், வெளிநாட்டில் வாழும் நம்மவருள் எவரேனும் சிநேகிதரின் அழைப்பை ஏற்றோ, சிநேகிதரை அழைத்துக்கொண்டோ காட்டுக்குப் போக நேர்ந்தால், அந்த மாகாணம் அந்த ஆண்டுக்கென்று வெளியிட்டுள்ள விதிப்புத்தகத்தை முதலில் படிக்கட்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அழைத்துச் செல்பவர் இன்னொன்றும் செய்யலாம்: சட்டம் அநுமதித்தாலுங்கூட, அன்றைக்குத் தம்முடைய துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். தாமும் மானைத் தேடிக்கொண்டிருப்பவரால் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க முடியாது.