கன்னிமாரா நூல்நிலையம்: கட்டடமும் சட்டமும்

நூல்நிலையமொன்று பொதுமக்களுக்கு உரியதாவது எதனால்? இவ்வினாவிற்குச் சென்னைக் கன்னிமாரா நூல்நிலையத்தின் வரலாறு தக்க விடை தருகின்றது.

விக்டோரியா மகாராணியார் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் உத்தியோகத்தரைப் பயிற்றிய ஹெய்லிபரிக் கல்லூரியில் மிகுதியாயிருந்த நூல்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. எழும்பூர் அரும்பொருட்காட்சிச்சாலையில் அவற்றைக்கொண்டு சிறு நூல்நிலையமொன்று அமைந்தது. அதற்குத் தனி மாளிகை வேண்டுமென விரும்பிய ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890 இல் அடிக்கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி நம்பெருமாள் செட்டியார் கட்டிய அம்மாளிகை 1896 இல் திறக்கப்பட்டது. ஓங்கிய விதானமும், வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், செதுக்கு வேலை அமைந்த தேக்குமர அடுக்குகளும் இன்றும் காண்பார் கண்ணைக் கவர்வன.

ஆயினும், மாளிகை ஆளுநரின் ஆர்வத்தால் எழுந்தது. மக்களின் உரிமையைச் சட்டமே நிலைநாட்ட வேண்டும். ஆங்கில நாட்டில் 1850 ஆம் ஆண்டுச் சட்டம், நூல்நிலையத்திற்கென வரி அறவிட நகரசபைகளுக்கு அதிகாரம் அளித்தது. விந்தை யாதெனின், அவ்வரிப்பணத்தில் கட்டடம் அமைக்கலாம், நூல் வாங்கலாகாது! மான்செஸ்டர் நகரத் தொழிலாளரும் நன்கொடை திரட்டி உதவ, அந்நகரின் நூல்நிலையம் 1852 இல் திறக்கப்பட்டது. நூல் வாங்குதற்கிருந்த தடை 1855 இல் நீங்கியது.

சென்னையில் அத்தகைய சட்டம், அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்களின் அயரா முயற்சியால், 1948 இலேயே பிறந்தது. சொத்துவரியோடு நூலக வரியும் அறவிடப்பட்டது. 1950 இல் கன்னிமாரா மாநில மைய நூல்நிலையமாயிற்று. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளிவரும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூல்நிலையங்களுள் அதுவும் ஒன்று.

இவ்வரலாறு சபரகமுவ மக்களுக்குப் புறம்பானதன்று. அம்மாளிகை எழுந்த காலத்திலேயே, சென்னை மாகாணத்து மக்கள் பலர் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இன்றும் வாழ்கின்றனர். இலங்கையிற் பொது நூலகங்களைப் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களே நடாத்துகின்றன. ஆனால், 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுதற்குத் தடையாயிருந்தது. வாக்களித்துச் சபையைத் தெரிவுசெய்த லயத்து மக்கள், அச்சபையின் பணிகளை உரிமையோடு கேட்க இயலாதிருந்தனர். 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை அகற்றியது.

சட்டம் வாயிலைத் திறந்துள்ளது. ஓர் அறையும், சில அடுக்குகளும், மாலைப்பொழுதில் எரியும் ஒரு விளக்கும் தோட்டந்தோறும் அமையுமாறு கேட்டுப் பெறுதல், கற்றோர் கடனாகும்.