மிளகாய் வளர்க்கிறது சுலபம், அதோட பேரைக் காப்பாத்துறதுதான் கஷ்டம்

மாடித்தோட்டம் பத்திப் பேசினாலே நம்ம நேயர்கள் கேட்கிற முதல் கேள்வி: "பூத் ஜோலோகியா, ஹபனேரோ எல்லாம் நம்ம ஊர் வெயில்ல வருமா ப்ரோ?" வரும். நானே கள்ளக்குறிச்சியில மொட்டை மாடியில வளர்த்திருக்கேன். ஆனா இன்னைக்குப் பேசப்போறது நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி. அந்தத் தப்பால, ஒரு ஆயா என்னை நம்பிக் குடுத்த மிளகாய் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கும்.

2021ல கல்வராயன் மலைக்கு பைக்ல போனேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுற ரோடு. வெள்ளிமலை பக்கம் ஒரு வீட்டு வேலியோரத்துல காந்தாரி மிளகாய்ச் செடி நின்னுச்சு. காய் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், எல்லாம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிக்குது. அந்த வீட்டு ஆயா ஒரு கை நிறையப் பழம் பறிச்சுக் குடுத்து, "ஊசி மிளகா தம்பி. ஒண்ணு போட்டா ஒரு சட்டிக் கொழம்புக்குப் போதும்"னு சொன்னாங்க.

2022ல அதுல பாதியை விதைச்சேன், நாலு செடி தேறுச்சு. அதே வரிசையில ஆன்லைன்ல வாங்கின பூத் ஜோலோகியா ரெண்டு, ராமநாதபுரம் குண்டு மிளகாய் ஒண்ணு. எல்லாமே நல்லாக் காய்ச்சுது. அடுத்த வருஷத்துக்குக் காந்தாரிப் பழத்துலிருந்து விதை எடுத்து வெச்சேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

காயில தெரியாது, விதையில தெரியும்

"குடமிளகாய் பக்கத்துல பச்சை மிளகாய் வெச்சா குடமிளகாய் காரமாயிடும்"னு சொல்வாங்க. அது உண்மையில்லை. காயோட சதை முழுக்கத் தாய்ச்செடியுடையது. எந்தப் பூவிலிருந்து மகரந்தம் வந்தாலும் இந்த வருஷத்துக் காய் மாறாது. மாற்றம் உள்ளே இருக்கிற விதையில நடக்குது. அந்த விதையைப் போட்டு அடுத்த செடி காய்க்கும்போதுதான் நமக்கு விஷயமே தெரியும். ஒரு வருஷம் கழிச்சு எரர் காட்டுற ப்ரோகிராம் மாதிரி.

மிளகாய்ப் பூவுக்குள்ளேயே ஆண் பாகம், பெண் பாகம் ரெண்டும் இருக்கு. அதனால தன் மகரந்தத்துலயே காய் பிடிச்சிரும். ஆனா தேனீயும் எறும்பும் சும்மா இருக்காது. அயல் மகரந்தச் சேர்க்கை சில இடத்துல ரொம்பக் குறைவாவும், சில இடத்துல 90 சதவீதம் வரைக்கும் இருக்கிறதா ஆய்வுகள் சொல்லுது. விதைச் சான்றளிப்பு விதிப்படி, சான்று விதைக்கு வேற ரக மிளகாயிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கணும், ஆதார விதைக்கு 400 மீட்டர். என் மொட்டை மாடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கே 12 மீட்டர்தான்.

காந்தாரி ஃப்ரூட்டெசன்ஸ் இனம், பூத் ஜோலோகியா சைனென்ஸ் இனம். இனமே வேறதானே, கலக்காதுன்னு நினைச்சேன். ஆனா 2007ல உலகத்துலயே காரமான மிளகாய்னு கின்னஸ்ல ஏறின பூத் ஜோலோகியாவோட மரபணுவைப் பார்த்தவங்க, சைனென்ஸுக்குள்ள கொஞ்சம் ஃப்ரூட்டெசன்ஸும் கலந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. ஏற்கெனவே உறவு வெச்சுக்கிட்ட ரெண்டு குடும்பத்தைத்தான் நான் பக்கத்து பக்கத்துல குடி வெச்சிருக்கேன்.

2023ல அந்த விதையைப் போட்டதுல எட்டுச் செடி. அஞ்சுல காய் தலைகீழாத் தொங்குச்சு; தோல் சுருங்கி, தடிப்பா, பூத் ஜோலோகியாவோட பழ வாசனையோட. காய் தொங்குற குணம் ஓங்கு பண்பு, நிமிர்ந்து நிக்கிறது ஒடுங்கு பண்பு. அதனால கலப்பு முதல் தலைமுறையிலேயே வெளியே தெரிஞ்சிருச்சு. மிச்சம் மூணு காந்தாரி மாதிரியே இருந்துச்சு. ஆனா வருஷம் முழுக்க மத்த அஞ்சுக்கும் நடுவுலயே பூத்துச்சு. அது விதையையும் நம்ப முடியாது.

எனக்கு அப்போ வருத்தம்கூட இல்லை. "நானே புது ரகம் கண்டுபிடிச்சிட்டேன்"னு ஸ்டேட்டஸ் போட்டேன். அது ரகம் இல்லை. கலப்பு விதை அடுத்த தலைமுறையில ஆளுக்கொரு பக்கமா சிதறும். ஆறேழு தலைமுறை ஒரே மாதிரிச் செடியாத் தேர்ந்தெடுத்தாத்தான் ஒரு ரகம்னு நிலைக்கும்.

"நான் குடுத்ததுல நாலு விதை இருக்குமா?"

2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழை எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டுச்சு. பொங்கல் முடிஞ்சு மலைக்குப் போனேன். ஆயா வீட்டு வேலி சரிஞ்சிருந்துச்சு, தண்ணி நின்னு மிளகாய்ச் செடி வேரோட அழுகிப் போயிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டு, "ஏன் தம்பி, நான் குடுத்ததுல நாலு விதை இருக்குமா?"ன்னு கேட்டாங்க.

என்கிட்ட ஒரு டப்பா நிறைய விதை இருந்துச்சு. அதுல ஒண்ணுகூட அவங்க குடுத்ததுன்னு சொல்ல முடியாது. என் வாயிலிருந்து வார்த்தையே வரலை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2021ல விதைக்காம விட்ட பாதிப் பழத்தை அம்மா காயவெச்சு, பேப்பர்ல மடிச்சு, சாம்பல் போட்ட டப்பாவுல வெச்சிருந்தாங்க. மிளகாய் விதைக்கு முளைப்புத்திறன் ரெண்டு மூணு வருஷத்துல வேகமாக் குறையும். 20 விதை போட்டேன். ரெண்டு வாரம் ஒண்ணும் இல்லை. 19ஆம் நாள் ஒண்ணு, அப்புறம் ரெண்டு. மொத்தம் மூணு. கை வெச்சா உடைஞ்சிருமோன்னு பயந்து பயந்து தண்ணி தெளிச்சேன்.

இந்தத் தடவை செஞ்சது

கல்யாண வீட்டுல தாம்பூலம் போட்டுத் தர்ற வலைப்பை இருக்குல்ல, அதுதான் கருவி. ஒரு கிளையில ஏற்கெனவே விரிஞ்ச பூ, பிஞ்சு எல்லாத்தையும் கிள்ளிட்டு, மொட்டு மட்டும் இருக்கிற நுனிக்குப் பையை மாட்டிக் கயிறை இறுக்கிக் கட்டணும். கட்டுற இடத்துல எறும்பு நுழையக் கூடாது. தினமும் காலையில கிளையை விரலால லேசாத் தட்டுங்க, மகரந்தம் உதிர்ந்து உள்ளேயே சேரும். பிஞ்சு பிடிச்சதும் பையை எடுத்துட்டு, அந்தக் காம்புல கலர் நூல் கட்டணும். நூல் கட்டின காயில மட்டும்தான் விதை. மிச்சத்தைக் குழம்புல போடுங்க.

நல்லாச் செவந்து பழுத்த பிறகு பறிச்சு, நிழல்ல காயவெச்சு, ரகத்தோட பேரும் வருஷமும் எழுதி வைக்கணும். ஒரே செடியை நம்பாம ரெண்டு மூணு செடியில எடுங்க. விதையை ரெண்டு வீட்டுல வைங்க. பேக்கப் ஒரே கம்ப்யூட்டர்ல இருந்தா அது பேக்கப்பே இல்லை.

கோடையில பூ கொட்டினா பயப்படாதீங்க. பகல் 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் சூடு இறங்கலைன்னா மிளகாய் பூவை உதிர்த்துரும். விதைக்கான பையை ஆவணிக்கு மேல மாட்டுறது நல்லது.

இப்போ 26.9 லட்சம் ஸ்கோவில் அலகோட பெப்பர் எக்ஸ்தான் உலக சாதனை, 2023லிருந்து. அந்தப் பேர் போன ரகங்களையெல்லாம் பாதுகாக்க ஆள் இருக்கு, பணமும் இருக்கு. வெள்ளிமலை ஆயாவோட வேலியோர மிளகாய்க்கு அந்த வேலி மட்டும்தான் இருந்துச்சு.

கார்த்திகையில நூல் கட்டின பழம் 14 எடுத்துக்கிட்டு மலைக்குப் போனேன். ஆயா ஒண்ணைப் பிளந்து நாக்குல வெச்சுப் பார்த்தாங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. "இதுதான்"னாங்க. ரெண்டு பழத்தை என் கையிலேயே திருப்பிக் குடுத்து, "நீயும் வெச்சிரு தம்பி. இங்க போனா அங்க இருக்கும்"னாங்க.

உங்க வீட்டுல, உங்க அம்மாச்சி வீட்டுல பேர் தெரியாத மிளகாய் ஏதாவது இருந்தா, இந்த வாரமே ஒரு பையை மாட்டுங்க.